கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு

கோயிலுக்கு வயசு கேட்டா கல்வெட்டைக் காட்டலாம். வீட்டுக்கு வயசு கேட்டா? "அதெல்லாம் எங்க பாட்டன் காலத்துல கட்டினது" என்பதோடு முடிந்துவிடும். பாட்டன் கட்டினது எது, அதில் அவர் பையன் இடித்தது எது, பேரன் ஒட்ட வைத்தது எது என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. இடிக்கிற பேச்சு வரும்போதுதான் அந்த அவசியம் வருகிறது.

எங்க அம்மா பிறந்த வீடு கோட்டுச்சேரியில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற ரோட்டில் முதலில் வருகிற பெரிய ஊர். நிலம் வைத்திருந்த ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீடு. பெரிய மிராசு பண்ணை எல்லாம் இல்லை, ஆனால் வாசலில் களம், கொல்லையில் மாட்டுக்கொட்டில், உள்ளே பத்தாயம் என்று முழுக்க முழுக்க விவசாயத்துக்காகவே கட்டின வீடு. இப்போது அதற்கு நாலு பங்குதாரர்கள். சின்ன மாமாவும் சித்தியும் இடித்துவிட்டு மனையாக விற்றுவிடலாம் என்கிறார்கள். பெரிய மாமா அங்கேயே குடியிருப்பதால் வேண்டாம் என்கிறார். அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை. இதில் யாரும் வில்லன் கிடையாது. சித்திக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு, பெரிய மாமாவுக்கு வேற வீடு இல்ல. அவ்வளவுதான்.

சரி, இடிக்கிறதோ வைக்கிறதோ அப்புறம். இடிக்கப் போவது என்ன என்று முதலில் தெரிய வேண்டாமா? அதற்காக இரண்டு லீவுக்கு அளவு நாடாவோடு போய் உட்கார்ந்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

கொஞ்சம் ஊர்க்கதை

வீட்டுக்குள் போவதற்கு முன்னால் ஊரைச் சொல்லியாக வேண்டும். தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. நடுவில் சண்டை வரும்போதெல்லாம் இங்கிலீஷ்காரன் பிடிப்பான், சமாதானம் ஆனால் திருப்பிக் கொடுப்பான். கடைசியாக 1817இல் திரும்பக் கிடைத்தது பிரெஞ்சுக்காரர்களிடமே தங்கியது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. வடக்கே தரங்கம்பாடியில் 1620இலிருந்து 1845 வரை டேனிஷ்காரர்கள். சுற்றியிருந்த தஞ்சாவூர் சீமையோ 1799க்குப் பிறகு கம்பெனி ஆட்சி. ஆக, சைக்கிளில் போய்வருகிற தூரத்துக்குள் மூணு வெள்ளைக்காரக் கொடி! வயலும் வாய்க்காலும் ஒன்றேதான், காவிரித் தண்ணி. பத்திரம் எழுதுகிற பாஷை மட்டும் வேறு.

அந்தப் பத்திரத்தில்தான் எனக்கு முதல் துப்பு கிடைத்தது.

மூன்று பத்திரம்

பெரிய மாமாவின் தகரப் பெட்டியில் மூன்று பழைய காகிதக் கட்டுகள். தாத்தாவின் தாத்தா காலத்துப் பத்திரத்தில் இந்த மனை 'கூரை வீடு' என்று இருக்கிறது. (பிரெஞ்சுப் பகுதியில் 'பையோத்' என்று போட்டிருக்கிறான், கூரை வேய்ந்த குடிசைக்கு அவர்கள் வைத்த பேர்.) அடுத்ததில் அதே நான்கெல்லை, அதே மனை, ஆனால் 'ஓட்டு வீடு'. மூன்றாவதில் 'மெத்தையும் ஓடும் சேர்ந்த வீடு'. ஒரே இடத்தில் மூன்று வீடு. மூன்றும் ஒன்றை இடித்துவிட்டு இன்னொன்று என்று கட்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று.

அதெப்படி என்பதை வீட்டைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். வாங்க.

அடுப்பங்கரையிலிருந்து ஆரம்பம்

வீட்டின் மிகப் பழைய பகுதி எது என்று கேட்டால் எல்லோரும் வாசல் தூணைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பட்டது கொல்லைப்பக்கத்து அடுப்பங்கரை. அங்கே மட்டும் மண் சுவர். கையை நீட்டி அளந்தால் ஒன்றரை முழத்துக்கு மேல் கனம். மேலே பனை வாரையும் மூங்கிலும். அத்தனையும் கரி படிந்து, எண்ணெய் தேய்த்தது மாதிரி கறுப்பாக மின்னுகிறது. விறகடுப்புப் புகை போக வழியில்லாமல் கீற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் படிந்த கறுப்பு அது.

இந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, மருந்து. புகை ஏறின மூங்கிலிலும் வாரையிலும் பூச்சி சுலபத்தில் ஏறாது. எங்க வீட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகுதான் அந்தப் பக்கத்து மூங்கிலில் மாவு கொட்ட ஆரம்பித்தது என்று அம்மாயி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அது வெறும் புலம்பல் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போய்விட்டு வரலாம். அங்கே பழைய பண்ணை வீடுகளை ஆராய்கிறவர்கள் முதலில் ஏறிப் பார்ப்பது கூரைக்கு அடியில்தான். ஏனென்றால் அவர்களுடைய பழைய வீடும் எங்க அடுப்பங்கரை மாதிரிதான் இருந்தது. நடுவில் ஒரு பெரிய கூடம், தரையில் நெருப்பு, மேலே மாடி கிடையாது, புகை நேராகக் கூரைக்கு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல்லால் புகைபோக்கி கட்டி, கூடத்துக்கு நடுவில் பலகை போட்டு மாடியாக்கினார்கள். வீடே மாறிவிட்டது. ஆனால் பரணில் ஏறிப் பார்த்தால் பழைய உத்திரங்களில் கரி அப்படியே இருக்கிறது. "இது ஒரு காலத்தில் திறந்த கூடம்" என்பதற்கு அந்தக் கரிதான் சாட்சி. 1570க்கும் 1640க்கும் இடையில் நாடு முழுக்க இப்படி மாற்றிக் கட்டினார்கள் என்று டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்படி ஒரே மூச்சில் நடக்கவில்லை, ஊருக்கு ஊர் காலம் வேறுபடும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் வீட்டையே ஒரு ஆவணமாகப் படிக்கலாம் என்கிற பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது.

நாம படிக்க ஆரம்பிக்கவே இல்ல.

நாட்டு ஓடும் முத்தமும்

கூரை வீட்டிலிருந்து ஓட்டு வீடு. இது வெறும் அந்தஸ்து விஷயம் இல்லை. கீற்றுக் கூரையை வருடா வருடம் மாற்ற வேண்டும். தீப்பிடித்தால் தெருவே போகும். நாட்டு ஓடு குயவர் கையால் செய்தது, அரைக் குழாய் வடிவம். ஒன்றைக் கவிழ்த்து ஒன்றை நிமிர்த்தி வரிசையாக அடுக்குவார்கள். கீற்றை விடப் பல மடங்கு பாரம். அதனால் மண் சுவர் போதாது, செங்கல் சுவர் வேண்டும், நல்ல மரம் வேண்டும். ஓடு வந்ததால் சுவர் மாறியது, சுவர் மாறியதால் வீட்டின் அமைப்பே மாறியது.

முத்தம் (எழுத்தில் முற்றம்) இந்தக் கட்டத்தில்தான் இப்போதைய உருவத்துக்கு வந்திருக்க வேண்டும். நாலு பக்கத் தாழ்வாரமும் உள்நோக்கிச் சரிகிறது, மழைத் தண்ணி நடுவில் விழுந்து ஒரு கல் மடை வழியாகக் கொல்லைக்குப் போகிறது. வாசல் திண்ணை, ரேழி, கூடம், முத்தம், இரண்டாம் கட்டு, கொல்லை. வாசல் நிலையில் நின்று பார்த்தால் கொல்லை வேப்பமரம் நேர்கோட்டில் தெரியும். முத்தத்துக் காற்று சூடாகி மேலே ஏற, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே இழுக்கும். சித்திரை வெயிலில் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கூடத்தை ஒட்டி பத்தாயம். அறை அளவு மரப்பெட்டி. பலகைகளைக் காடியில் இறக்கி அடுக்கியிருக்கிறார்கள். கீழே நெல் எடுக்கச் சின்ன வாய். ஒவ்வொரு பலகை ஓரத்திலும் உளியால் ஒரு தமிழ் எண். க, உ, ங... பிரித்து மறுபடி பூட்டும்போது வரிசை மாறாமல் இருக்க ஆசாரி போட்ட குறி. இங்கிலாந்து மரச்சட்ட வீடுகளிலும் தச்சர்கள் இதே வேலைக்கு ரோமன் எண்களைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டினாலும் தச்சுப் புத்தி ஒன்றுதான் போல!

சைகோன் பணம் கட்டிய முகப்பு

வாசல் பக்கம் முழுக்க வேறு கதை. உயரமான சதுரத் தூண்கள், மேலே அரைவட்ட வளைவு, சாய்ந்த பலகை அடுக்கு வைத்த ஜன்னல் கதவுகள், மேலே மெத்தை. பாண்டிச்சேரி தமிழர் தெருக்களில் பார்க்கிற அதே கலப்பு. திண்ணை தமிழ், வளைவு பிரெஞ்சு.

இதற்குப் பணம் நெல்லிலிருந்து வரவில்லை. தாத்தாவின் சித்தப்பா ஒருவர் சைகோனுக்குப் போனார். 1862இல் கொச்சின் சீனா பிரெஞ்சுக் காலனியானதும், காரைக்கால், பாண்டிச்சேரித் தமிழர்கள் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் வியாபாரியாகவும் அங்கே போக ஆரம்பித்தார்கள். இதே காரைக்கால் துறைமுகத்திலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் ரெயூனியன், மர்த்தினீக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கும் கூலிகள் கப்பல் ஏறினார்கள். ஒரே துறையிலிருந்து இரண்டு பயணம். சைகோன் போனவன் பணம் மெத்தையாகத் திரும்பியது. தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. அந்த முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

மெத்தை என்றால் இப்போதைய கான்கிரீட் இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்கிறார்களே, அது. தேக்கு உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் கட்டைகள், அதன் மேல் மெலிசான செங்கல்லை நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் தட்டுவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். கடைசியில் தட்டோடு. கம்பி ஒன்றுகூடக் கிடையாது. கடல் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். துருப்பிடிக்க இரும்பு இல்லாத கூரை உப்புக் காற்றுக்கு ஏன் பயப்படணும்?

1865 என்கிற குழப்பம்

இரண்டாம் கட்டின் கூரை மங்களூர் ஓடு. எங்க பக்கத்தில் சீமை ஓடு. சின்ன மாமா ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். அடியில் பாசல் மிஷன் பெயர், 1865 என்று எண். "பாத்தியா, வீடு கட்டின வருஷமே போட்டிருக்கு!"

மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். அது வீட்டு வருஷம் இல்ல மாமா, பாக்டரி வருஷம். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது 1865. அதைப் பெருமையாக ஓட்டிலும் பொறித்தார்கள். அந்த ஓடு 1865க்கு முன்னால் செய்யப்பட்டதில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். அதே கூரையில் அங்கங்கே 'காமன்வெல்த்' என்று பொறித்த ஓடுகளும் இருக்கின்றன. முதல் உலகப்போரில் பாசல் மிஷன் தொழில்களை இங்கிலீஷ் சர்க்கார் எடுத்துக்கொண்டு, போருக்குப் பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு அவை போயின. ஆக அந்த ஓடுகள் போருக்குப் பிந்தியவை, உடைந்த இடத்தில் மாற்றிப் போட்டவை. ஒரே கூரையில் போருக்கு முன்னும் பின்னும்!

இதில் இன்னொரு வேடிக்கை. ஒன்றோடொன்று கவ்விக்கொள்கிற இந்த ஓட்டு முறை பிரான்ஸிலிருந்து வந்தது. அல்சாஸ் பகுதியில் ஆல்ட்கிர்ச் ஊரைச் சேர்ந்த ழிலார்தோனி சகோதரர்கள் 1841இல் காப்புரிமை வாங்கினார்கள். பிரெஞ்சு உத்தி, ஜெர்மன் பேசும் பாதிரிகள் வழியாக, இங்கிலீஷ்காரன் ஆண்ட மங்களூரில் வார்க்கப்பட்டு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட கோட்டுச்சேரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

யார் எதுவரை வரலாம்

அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி வரலாறுதான். இந்த வீட்டின் பிளானில் இன்னொன்றும் இருக்கிறது. திண்ணை வரை யார், ரேழி வரை யார், கூடம் வரை யார் என்று கோடு போடாமலே போட்ட கோடு. வயலில் உழைத்தவர்கள் வாசல் வழியாக வந்ததே இல்லை. கொல்லைப்பக்கம் தனிப் படல், களத்தில் மரக்காலால் கூலி நெல், அத்தோடு சரி. பத்தாயத்தை நிரப்பியவர்கள் பத்தாயத்தைப் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் கதை நேர் எதிர்த் திசையில் போனது. பழைய திறந்த கூடத்தில் எஜமானும் வேலைக்காரனும் ஒரே கூரைக்குக் கீழ் சாப்பிட்டார்கள். பின்னால் அறை அறையாகத் தடுத்து, வேலைக்காரருக்குத் தனிப் படிக்கட்டு வைத்துப் பிரித்தார்கள். நம்மிடம் பிரிவினை முதல் செங்கல்லிலேயே இருந்தது. தளர்ந்தது பின்னால்தான். புதுச்சேரியில் 1970இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1973இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தன. பெரிய மாமா காலத்தில் கொல்லைப் படல் விழுந்தது, மறுபடி கட்டவில்லை. இப்போது எல்லோரும் வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். வீட்டுக்கு நடந்த மாற்றங்களிலேயே செலவில்லாமல் நடந்த நல்ல மாற்றம் இதுதான்.

சிமெண்டு செய்த வேலை

கடைசி ஐம்பது வருஷத்தில் நடந்தவை வரிசையாக: முத்தத்தின் மேல் கம்பி வலை, அப்புறம் பிளாஸ்டிக் ஷீட். களத்தில் பாதி கடையாகி வாடகைக்கு. மாட்டுக்கொட்டில் கக்கூஸ், பாத்ரூம். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் பெயிண்ட்.

இதில் கக்கூஸைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாயி அறுபது வயசு வரை இருட்டில் கொல்லைக்குப் போனவர்கள். ஆனால் சிமெண்டுப் பூச்சு வேறு. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே காய்ந்து போகும். சிமெண்டும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பொத்துப் பொத்தாகக் கொட்டும். "பழைய வீடு, சுவரு உளுத்துப்போச்சு" என்று இடிக்கக் காரணம் சொல்கிறோமே, உளுக்க வைத்தது பல இடங்களில் நாம் செய்த ரிப்பேர்தான். முத்தத்தை மூடியதும் அப்படியே. காற்று நின்றது, நாள் முழுக்க ஃபேன்.

அதற்காக இடிக்கச் சொல்கிறவர்கள் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது சீமை ஓடுகள் பறந்தன, பக்கத்து கான்கிரீட் வீடு அசையவில்லை. மாமா அந்த ராத்திரியைப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தார். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அபூர்வம்.

அப்ப என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் 1947இல் வந்த சட்டத்தின்படி பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். இடிக்கவோ, தன்மை மாறும்படி மாற்றவோ அனுமதி வாங்க வேண்டும். பாண்டிச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைச் சீர்செய்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் (1996இல் திறந்தது) தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடு ஒன்றைப் பார்க்கலாம். எல்லாம் நல்ல காரியம். ஆனால் கோட்டுச்சேரி மாதிரி ஊரில் ஒரு சாதாரணக் குடியானவர் வீட்டைத் தேடி விருதும் வராது, மியூசியமும் வராது.

நான் குடும்பத்தில் சொன்னது இதுதான். இந்த வீடு ஒருபோதும் மாறாமல் இருந்ததில்லை. கீற்றைத் தூக்கி ஓடு போட்டார்கள், ஓட்டுக்கு முன்னால் மெத்தை கட்டினார்கள், படலைப் பிடுங்கினார்கள். அப்படியே அசையாமல் வைப்பது இந்த வீட்டின் வழக்கமே இல்லை. ஆனால் இதுவரை மாற்றின ஒவ்வொருவரும் முன்னவர் வைத்ததில் ஒன்றை விட்டு வைத்தார்கள். தாத்தாவின் அப்பா அடுப்பங்கரையை விட்டு வைத்தார். தாத்தா நாட்டு ஓட்டுக் காலத்து முத்தத்தை விட்டு வைத்தார். கோயிலுக்குத் திருப்பணி செய்கிற மாதிரி. மொத்தமாக இடிப்பது என்றால் அந்த வரிசையில் முதல் ஆளாக நாம்தான் இருப்போம்.

கணக்கும் போட்டுக் காட்டினேன். வாசல் பக்கமும் முத்தமும் பத்தாயக் கூடமும் பெரிய மாமா பங்கோடு அம்மா பங்கும் சேர்ந்தால் நிற்கும். களமும் கொல்லையும் தனித்தனியாக ரோட்டுக்கு வழி உள்ள மனைகள், சின்ன மாமாவும் சித்தியும் விற்றுக்கொள்ளலாம். அடுப்பங்கரை போய்விடும். அந்தக் கறுப்பு வாரைகள் போய்விடும். அது எனக்கு வலிக்கிறது, ஆனால் கல்யாணம் வாரைக்காகக் காத்திருக்காது.

சித்தி சரி என்றுவிட்டார். சின்ன மாமா தை வரைக்கும் யோசிக்கணும் என்கிறார். அதற்குள் வீடு முழுவதையும் அளந்து காகிதத்தில் வரைந்து முடித்துவிட வேண்டும். அடுப்பங்கரை வரைபடம் முடிந்தது. மேலே ஏறி ஒவ்வொரு வாரையும் எண்ணினேன், முப்பத்தொன்று.

உங்க ஊர்ல பழைய வீடு இருக்கா மக்களே? இடிக்கிறதும் வைக்கிறதும் உங்க இஷ்டம், உங்க கஷ்டம். ஒரே ஒரு வேண்டுகோள்: இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிளான் வரைஞ்சு வைங்க, ஓட்டைத் திருப்பிப் பாருங்க, பத்திரத்துல என்ன வீடுன்னு போட்டிருக்குன்னு படிங்க. அடுப்பங்கரை உத்திரத்தை ஒரு தடவை கையால தடவிப் பாருங்க. கறுப்பு ஒட்டினா எழுதுங்க, படிக்க நான் இருக்கேன்.